‘வேண்டாம் பாட்டி’ என்று சொல்ல வாய் வரவில்லை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 27 வயது. குரூப் 4 தேர்வில் மூன்றாவது முயற்சியில் தேறி, வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அப்பா தையல்காரர். பணி ஆணை கைக்கு வந்த அன்று அவர் சொன்னது ஒன்றுதான்: “ஏழை பாழைங்க வர்ற இடம்மா. யாரையும் அலைய விடாதே.”

சேர்ந்த இரண்டாவது வாரம். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் என் மேசை இழுப்பறையைத் திறந்து, நான்காக மடித்த நோட்டுகளை ஸ்டாம்ப் பேடுக்கு அடியில் வைத்தார். “இன்னைக்குப் பங்கு” என்றார். நான் அதை எடுத்துப்போய் அவர் மேசையிலேயே வைத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து டீ என் மேசைக்கு மட்டும் வராது. நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். சந்தேகம் கேட்டால், “உங்களுக்குத் தெரியாததா மேடம்?” என்பார்கள். நான் தேடுகிற கோப்பு மட்டும் கிடைக்காது. மூன்று மாதம் இப்படியே போனது.

பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். அவர்தான் ஒருநாள், “வாங்கிக்கோடி. மனசு ஒப்பலேன்னா கோயில் உண்டியல்ல போட்டுடு. இவங்களைப் பகைச்சுக்கிட்டு இங்க காலம் தள்ள முடியாது” என்றார். வாங்கினேன். இரண்டு தடவை உண்டியலில் போட்டேன். மூன்றாவது தடவை அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்கவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு உண்டியல் பக்கமே போகவில்லை. டீ வர ஆரம்பித்தது. மத்தியானம் சேர்ந்து சாப்பிடுகிறோம். என் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். உண்மையைச் சொன்னால், நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

போன மாதம் வாரிசுச் சான்று என்ன ஆயிற்று என்று கேட்டு ஒரு பாட்டி வந்தார். நான் கணினியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் கேட்காமல், இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். கயிற்றில் முடிச்சு விழுந்திருந்தது. நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தார். “பணம் வேண்டாம் பாட்டி” என்று சொல்ல எனக்கு முழுசாக ஒரு நிமிடம் இருந்தது. சொல்லவில்லை. முடிச்சு அவிழும்வரை திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து சரியாகத் தூங்க முடியவில்லை. நான் அடிப்படையிலேயே மோசமானவளா? இல்லை, அந்த இடம் என்னை மாற்றிவிட்டதா? இடமாறுதல் வாங்கிக்கொண்டு போனால் சரியாகிவிடுமா?

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகி


அன்புள்ள மகளுக்கு,

டீ வராமல் போன அந்த மூன்று மாதத்தை நான்கைந்து வரியில் சொல்லிக் கடந்துவிட்டாய். எனக்கு அங்கேதான் எல்லாம் இருப்பதாகப் படுகிறது. உன்னை யாரும் மிரட்டவில்லை. ஒதுக்கினார்கள், அவ்வளவுதான். கிராமத்தில் ஊர்விலக்கம் என்போமே, அதைத்தான் உனக்கு ஒரு டம்ளர் டீயை வைத்துச் செய்திருக்கிறார்கள். அந்த வலியைச் சாதாரணமாக நினைக்காதே. மனிதனால் பசியைக்கூட ஓரளவு தாங்க முடியும், தினமும் எட்டு மணி நேரம் ஆளே இல்லாததுபோல் நடத்தப்படுவதைத் தாங்குவது கஷ்டம்.

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்திலுள்ள மூன்று கோடுகளில் அதே நீளம் எதற்கு என்று கேட்டார். சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்தவர்கள். பல சுற்றுகளில் எல்லாரும் ஒரே தவறான கோட்டைக் காட்டினார்கள். இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். பின்னால் விசாரித்தபோது, சரியான விடை தெரிந்தும் தனித்து நிற்கக் கூசியே அப்படிச் சொன்னதாகப் பலர் ஒப்புக்கொண்டார்கள். அங்கே யாருக்கும் டீ நிற்கவில்லை, கோப்பு காணாமல் போகவில்லை. அப்படியும் வாய் வரவில்லை.

அடுத்தது உன் உண்டியல். 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் செய்த சோதனை, பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கச் சொல்வது. அதிர்ச்சி உண்மையில்லை, அவர் சுவரைத் தட்டியதும் நடிப்பு. விசையை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. 15 வோல்ட்டில் தொடங்கி, பதினைந்து பதினைந்தாக ஏறி, 450 வரை 30 விசைகள். 40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை போனார்கள். எடுத்த எடுப்பில் 450-ஐ அழுத்தச் சொல்லியிருந்தால் பெரும்பாலானவர்கள் எழுந்து போயிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஒவ்வொரு விசையும் முந்தினதைவிடக் கொஞ்சம்தானே கூட. உண்டியலில் போட வாங்கியது ஒரு விசை, மாத்திரைக்கு எடுத்தது ஒரு விசை, பாட்டியின் முடிச்சு அவிழும்வரை காத்திருந்தது இன்னொன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தப் பாட்டி வந்திருந்தால், நீயே எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாய்.

ஆகவே நீ பிறவியிலேயே மோசமானவள் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் பழியெல்லாம் இடத்தின்மேல் போட்டுவிடவும் உன்னை விடமாட்டேன். அந்த 40 பேரில் 14 பேர் பாதியில் நிறுத்தினார்கள். அதே அறைதான், அழுத்தச் சொன்னவரும் அதே ஆள்தான். பாட்டியிடமிருந்து போன பணம் போனதுதான், அதை வாங்கிய கை எந்தச் சூழலில் வளர்ந்தது என்று அவர் கேட்கப்போவதில்லை. சட்டமும் கேட்காது. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில், 2018 திருத்தத்துக்குப் பிறகு, லஞ்சம் வாங்கும் அரசு ஊழியருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. ‘நான் கேட்கவில்லை, பங்குதான் வந்தது’ என்று சொல்லித் தப்ப முடியும் என்று நம்பி இருந்துவிடாதே. பயமுறுத்தச் சொல்லவில்லை. உன் இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியவேண்டும்.

இடமாறுதல் கேட்பது உன் விருப்பம். போகிற இடத்திலும் ஆறு மணிக்கு ஒருவர் இழுப்பறையைத் திறக்கலாம். இப்போதே நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆஷ் தன் சோதனையில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். கூட்டத்தில் இன்னும் ஒருவரைச் சரியான கோட்டைச் சொல்ல வைத்தார். ஒரே ஒருவர். தவறான பதில்கள் மளமளவென்று குறைந்துவிட்டன. மில்கிராமும் கூட இருந்த இருவர் மறுத்து எழுந்துவிடும்படி செய்து பார்த்தார். அப்போது 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள்.

உன் அலுவலகத்தில் அந்த ஒருவர் யார்? உன் கடிதத்திலேயே இருக்கிறார். உண்டியலில் போடச் சொன்ன அக்கா. மனசு ஒப்பாதவர்களுக்கு ஒரு வழி அவரிடம் தயாராக இருந்தது என்றால், அவர் மனசும் ஒரு காலத்தில் ஒப்பாமல்தான் இருந்திருக்கும். ஒருவேளை அவரும் உன்னைப் பார்த்து, ‘இவளும் பழகிவிட்டாள்’ என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். எல்லாரும் இப்படி ஒருவரையொருவர் பார்த்து வாய்மூடி இருப்பதில்தான் அந்த மடித்த நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அலுவலகத்தில் வேண்டாம், பஸ் நிறுத்தத்தில் வைத்து அவரிடம் பாட்டியின் கதையைச் சொல். யாரையும் குற்றம் சொல்லாதே. உனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் சொல்.

பங்கை நாளையிலிருந்தே நிறுத்து. இழுப்பறையைப் பூட்டி, ஐந்தே முக்காலுக்கு மணியடித்தாற்போல் கிளம்பு. மறுபடி டீ நிற்கலாம். வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டு போ, முடிந்தால் அக்காவுக்கும் சேர்த்து. முன்பு நீ தனியாக, எதற்கு என்று புரியாமல் அதைத் தாங்கினாய். இந்தத் தடவை அது எதற்கென்று தெரியும். லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகும் எண்ணம் வந்தால், நீயும் வாங்கியிருக்கிறாய் என்பதால் முதலில் ஒரு வக்கீலைப் பார். அது என் துறை இல்லை. தூக்கமின்மை போன மாதத்திலிருந்து தொடர்கிறது என்கிறாய், அதற்கு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இலும் தமிழில் பேசலாம்.

கவுன்டரில் யாராவது சுருக்குப்பையைத் தொட்டால், “பையை மூடுங்க, இங்க பணம் எதுவும் வேண்டாம்” என்று பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரிச் சொல். முதல் தடவை குரல் நடுங்கும், பரவாயில்லை. அந்தப் பாட்டியின் வாரிசுச் சான்று இன்னும் நிற்கிறதென்றால், திங்கட்கிழமை முதல் வேலையாக அதை நகர்த்து. அவர் கைக்குப் போனதும் எனக்கு ஒரு வரி எழுது.