உயர்கல்வியின் நோக்கத்தை ஏன் மீண்டும் யோசிக்கச் சொல்கிறார்கள்?

பட்டம் முடித்து வெளியே வரும் பிள்ளை என்ன செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்று சமூகம் எதிர்பார்க்கிறதோ, அதுதான் உயர்கல்வியின் நோக்கம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்தில் நாட்டுக்கு நிர்வாகிகளும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் தேவைப்பட்டார்கள். பட்டம் என்றால் அரசாங்க உத்தியோகம் என்ற எண்ணம் வேரூன்றியது. இன்று பட்டதாரிகள் கூடிவிட்டார்கள். தொழில்களோ ஒருவருடைய ஆயுளுக்குள்ளேயே மாறிவிடுகின்றன. அதனால்தான் அந்த நோக்கத்தை மீண்டும் யோசிக்கச் சொல்கிறார்கள்.

திருகோணமலையில் ஒரு மீனவரை நினைத்துப் பாருங்கள். மகனுக்கு மீன் படும் ஒரே ஓர் இடத்தை மட்டும் காட்டிவிட்டால், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று போய், வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று தொடங்கியதும் அவன் தடுமாறுவான். காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்கப் பழக்கினால் இடத்தைத் தானே தேடிக்கொள்வான். பாடக்குறிப்பை மனப்பாடம் செய்வது இடத்தைக் காட்டுவது மாதிரி. கேள்வி கேட்பது, ஆதாரம் தேடுவது, தெரியாததைத் தானாகப் படிப்பது எல்லாம் காற்றைப் பார்க்கப் பழகுவது. பல்கலைக்கழகம் இதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

“சரி, அப்போ கலைப்பிரிவு வேண்டாம், தொழிற்பயிற்சி மட்டும் போதும்” என்று பலர் இதைப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். ஒரே தொழிலுக்கு மட்டும் பழக்குவதும் அந்த ஒற்றை இடத்தைக் காட்டுவதுதான்.