ஃபைலை மாற்றியாச்சு, பக்கத்து மெஷினுக்கு மட்டும் தெரியவில்லை!

கேள்வி: இரண்டு லினக்ஸ் மெஷின்களில் ஒரே என்.எஃப்.எஸ். ஃபோல்டரை (சர்வரில் இருப்பதை நெட்வொர்க் வழியாகப் பகிர்வது) மவுண்ட் செய்து இணைத்திருக்கிறோம். ஒன்றில் செட்டிங்ஸ் ஃபைலை மாற்றுகிறேன். இன்னொன்றில் ஓடும் புரோகிராம், அந்த ஃபைலின் தேதி மாறியிருக்கிறதா என்று அடிக்கடி ஸ்டாட் செய்து (ஃபைலைத் திறக்காமல் அதன் விவரத்தை மட்டும் கேட்டு) பார்க்கிறது. சில நேரம் உடனே பிடித்துவிடுகிறது, சில நேரம் ஒரு நிமிடம் வரை ஆகிறது. சோதித்தபோது இந்தத் தொல்லையே இல்லை. சர்வரில் கோளாறா?

பதில்: சர்வர் பாவம், அதை விட்டுவிடுங்கள். ஸ்டாட் செய்யும்போதெல்லாம் கேள்வி சர்வருக்குப் போகிறது என்று நினைக்கிறீர்கள், போவதில்லை. ஃபைலின் அளவு, தேதி போன்ற விவரங்களை க்ளையண்ட், அதாவது மவுண்ட் செய்த உங்கள் மெஷின், தன் கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்துக்கொண்டு, கெடு முடியும் வரை அதையே பதிலாகக் கொடுக்கும். லினக்ஸில் சாதாரண ஃபைலுக்கு இந்தக் கெடு குறைந்தது 3 விநாடி, அதிகபட்சம் 60. கெடு முடிந்து கேட்கும்போது ஃபைல் மாறவில்லை என்றால் அடுத்த கெடு நீளும், மாறியிருந்தால் மறுபடி 3-க்கு வந்துவிடும். சோதிக்கும்போது நீங்கள் ஃபைலை மாற்றி மாற்றிப் பார்த்திருப்பீர்கள், அதனால் கெடு 3 விநாடியிலேயே நின்றிருக்கும். வேலைக்கு விட்டபின் அதே ஃபைல் நாள்கணக்கில் மாறாமல் கிடந்து கெடு 60-க்குப் போய்விட்டது. எரிச்சலான விஷயம்தான், ஆனால் இதில் பிழை எதுவும் இல்லை.

என்.எஃப்.எஸ். உறுதியாகத் தருவது ஒன்றே ஒன்று: எழுதியவர் க்ளோஸ் செய்தபின் இன்னொருவர் ஓப்பன் செய்தால் புதுசு கிடைக்கும். க்ளோஸ் செய்யும்போது எழுதியதெல்லாம் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ஓப்பன் செய்யும்போது க்ளையண்ட் கெடுவைப் பார்க்காமல் சர்வரிடமே கேட்டுவிடும். அதனால் உங்கள் புரோகிராமில் வெறும் ஸ்டாட்டுக்குப் பதிலாக ஃபைலை ஓப்பன் செய்து, அந்தத் திறந்த ஃபைலின் தேதியைப் பார்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். இரண்டு வரி மாற்றம். எழுதும் பக்கம் ஃபைலை மூடாமல் திறந்தே வைத்திருந்தால் மட்டும் இது உதவாது, ஏனென்றால் எழுதியது இன்னும் அந்த மெஷினின் மெமரியிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: கேஷே வேண்டாம் என்று ‘நோ-ஏசி’ ஆப்ஷன் போட்டு மவுண்ட் செய்தால் முடிந்ததல்லவா?

பதில்: இதைச் சொல்லாத ஆளே இல்லை. போடலாம், ஆனால் அது விவரங்களின் கேஷை மட்டும் நிறுத்துவதில்லை, எழுதுவதையும் உடனுக்குடன் சர்வருக்கு அனுப்பவைக்கும். சின்னச் சின்னதாக நிறைய எழுதும் புரோகிராம் ஆமை வேகத்துக்கு வந்துவிடும். அப்புறம், ஒருவர் பாதி எழுதும்போது இன்னொருவர் படித்துவிடும் சிக்கல் அப்படியேதான் இருக்கும். இரண்டு பேர் எழுதுவதாக இருந்தால் லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எழுதும்படி பூட்டு) போடுங்கள்: லாக் வாங்கும்போது க்ளையண்ட் தன் கேஷைச் சரிபார்க்கும், விடும்போது எழுதியதைத் தள்ளிவிடும். ‘அப்பெண்ட் மோடில்தானே திறக்கிறோம், எழுதுவது ஃபைலின் கடைசியில்தானே சேரும்’ என்று நம்பி இரண்டு மெஷின்களிலிருந்து ஒரே பதிவு ஃபைலில் எழுதாதீர்கள். ஃபைலின் முடிவு எங்கே என்பதை ஒவ்வொரு க்ளையண்டும் தனக்குத் தெரிந்த அளவை வைத்தே முடிவு செய்கிறது, ஒருவர் எழுதியதன் மேலேயே மற்றவர் எழுதிவிடுவார்.

கேள்வி: வேலை முடிந்ததும் ஒரு காலி ஃபைலை உருவாக்குகிறோம். அது வந்துவிட்டதா என்று காத்திருக்கும் மெஷினுக்கு அரை நிமிடம் கழித்துத்தான் தெரிகிறது. இல்லாத ஃபைலுக்கு ஏது கேஷ்?

பதில்: ‘இல்லை’ என்ற பதிலும் கேஷில் ஏறும்! ஒருமுறை தேடி இல்லை என்று வந்தால், ஃபோல்டர் மாறியது க்ளையண்டுக்குத் தெரியும் வரை அதே பதில்தான். ஃபோல்டர்களுக்கு கெடு 30 விநாடியில் தொடங்குகிறது. ‘லுக்அப்கேஷ்=பாசிட்டிவ்’ போட்டு மவுண்ட் செய்தால் இல்லை என்ற பதில்களை மட்டும் நினைவில் வைக்காது. இந்த ஆப்ஷனைத் தயங்காமல் போடலாம்.

கேள்வி: யார் மாற்றினாலும் சர்வரே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டியதுதானே?

பதில்: என்.எஃப்.எஸ். போன்ற இன்னொரு முறையான ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டம் 1980-களிலேயே அப்படித்தான் செய்தது. ஆனால் என்.எஃப்.எஸ். வெர்ஷன் 2, 3 இரண்டிலும் எந்த ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று சர்வர் குறித்துவைப்பதே இல்லை. கணக்கு வைக்காததால்தான் சர்வர் விழுந்து எழுந்தாலும் க்ளையண்டுகள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. வெர்ஷன் 4-ல் டெலிகேஷன் வந்தது: ஒரு ஃபைலை உன் இஷ்டத்துக்கு கேஷ் செய்துகொள் என்று சர்வர் கொடுக்கும், வேறொருவர் எழுத வந்தால் திரும்பக் கேட்டு வாங்கும். கொடுப்பதும் கொடுக்காததும் அதன் விருப்பம் என்பதால் அதை நம்பி எதையும் கட்ட முடியாது.

கேள்வி: ஒரு மணி நேரம் ஆகியும், மூடித் திறந்தும் பழசே வருகிறது. இதுவும் கெடுதானா?

பதில்: இல்லை, இது வேறு. வெர்ஷன் 3 க்ளையண்ட், ஃபைல் மாறியதா என்பதைத் தேதியையும் அளவையும் வைத்தே கண்டுபிடிக்கிறது. சர்வரின் டிஸ்க்கில் இருப்பது பழைய ஈ.எக்ஸ்.டி.3 ஃபைல் சிஸ்டம் என்றால் தேதி விநாடிக் கணக்கில்தான் பதிவாகும். ஒரே விநாடிக்குள் இரண்டு முறை, அளவு மாறாமல் எழுதி, நடுவில் க்ளையண்ட் படித்துவிட்டால் இரண்டாவது மாற்றம் அதற்குத் தெரியவே தெரியாது. இப்போதைக்கு சர்வரில் அந்த ஃபைலுக்கு ஒரு டச் (தேதியை மட்டும் புதுப்பிக்கும் கமாண்ட்) அடியுங்கள், சரியாகிவிடும். அப்புறம் சர்வரின் டிஸ்க்கை ஈ.எக்ஸ்.டி.4 அல்லது எக்ஸ்.எஃப்.எஸ்.-க்கு மாற்றப் பாருங்கள்.