கேள்வி பதில்: வான்வழித் தூரமும் பறக்கும் நேரமும்

விமான வழிநடத்தல் படித்தவன் என்ற முறையில், மலையகத்திலிருந்து இந்தியாவுக்குப் புறப்படுவோர் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஹட்டன் வாசகி: திருச்சியில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறோம். கட்டுநாயக்க விமான நிலையத்தை விட யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் கிட்டவாமே, நேரம் மிச்சமாகுமா?

ஆகாது, அக்கா. நேர்கோட்டில் கட்டுநாயக்க–திருச்சி ஏறத்தாழ 420 கிலோமீற்றர். பலாலி–திருச்சி அதில் பாதிகூட இல்லை, 185க்குள்தான். ஆனாலும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகிறது. 2025இல் தொடங்கிய பலாலிச் சேவையில் பறப்பது ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானம்; அது மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் போகும், ஜெட் 800ஐத் தாண்டும். ஓடுதளம்வரை ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் பிடிக்கும் நேரமோ தூரம் குறைவதால் குறையாது. இதற்காக ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணம்வரை பஸ்ஸில் ஏன் அலைய வேண்டும்?

வான்வழித் தூரத்தைப் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்கிடாதீர்கள்.

பதுளை வாசகர்: இங்கிருந்து மத்தள விமான நிலையம் எவ்வளவு தூரம்?

நேர்கோட்டில் 80 கிலோமீற்றர். எல்ல, வெல்லவாய வழியாக வளைந்திறங்கும் வீதி அதைவிட நீளம்.

தலவாக்கலை வாசகர்: கட்டுநாயக்க–சென்னை?

650 கிலோமீற்றர், ஒன்றேகால் மணிக்கு மேல். விசா பற்றியும் கேட்டிருந்தீர்கள். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள்.

மஸ்கெலியா வாசகர்: 1974இல் சப்த கன்னியர் மலையில் விமானம் மோதியது மூடுபனியால்தானே? பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த டிசி-8 அது. ஹஜ் யாத்திரிகர்களான இந்தோனேசியர்கள் உட்பட 191 பேரும் மாண்டார்கள். தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்பதே விசாரணையின் முடிவு. ஓடுதளம் அங்கிருந்து இன்னும் 75 கிலோமீற்றர் அளவில் இருந்தது.

நோர்வூட் வாசகர்: பனி இல்லாவிட்டால் மலையைக் கண்டிருப்பார்களே?

இரவில், விளக்கில்லாத மலையை, ஜெட் வேகத்தில் வருபவர் கண்டு விலகுவதா? கண்ணை நம்ப முடியாது என்பதால்தான் ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்ச உயரம் வகுத்திருக்கிறார்கள். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர். அதற்கு மேல் போதிய இடைவெளி விட்டே பறக்க வேண்டும். எத்தனை கிலோமீற்றர் மீதி என்பது சரியாகத் தெரிந்தால்தான் எங்கே இறங்கத் தொடங்குவது என்பதும் தெரியும். அன்று பிழையாகிப் போனது அந்தக் கணக்கு. பனியின் மேல் பழியைப் போட்டால் அது மறந்துபோகும்.

கொட்டகலை வாசகர்: பறப்பது ஒரு மணி நேரம்தானே, காலை 6 மணிக்குப் புறப்பட்டு 10 மணி விமானத்தைப் பிடிக்கலாமா?

முடியாது. மேலே எழுதியதைத் தயவுசெய்து படியுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்க வேண்டும். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் வீதியே இல்லை. முதல் நாளே இறங்கி நீர்கொழும்பில் தங்குங்கள்.