செந்-எமிலியோனில் கைநழுவிய அறை: நீங்கள் கொடுத்த 200 யூரோ என்ன வகைப் பணம்?

கேள்வி: எங்கள் திருமண நாளுக்காக, போர்தோவுக்கு அருகே செந்-எமிலியோனில் திராட்சைத் தோட்டம் சூழ்ந்த ஒரு பழைய மாளிகையில் செப்டெம்பரில் இரண்டு இரவு தங்க அறை பதிந்தோம். காலை உணவுடன் ஓர் இரவுக்கு 320 யூரோ. இணையத் தளம் எதுவும் இடையில் இல்லை. வீட்டுக்காரருக்கே மின்னஞ்சல் எழுதி, 200 யூரோவை வங்கி மூலம் அனுப்பினோம். புறப்படப் பத்து நாள் இருக்கும்போது, "அறுவடைக் காலம், வீடு முழுவதையும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டேன். சம்மதம் என்று பதில் போடுங்கள், 200 யூரோவைத் திருப்பி அனுப்புகிறேன்" என்று எழுதினார். ரயில் டிக்கெட்டில் 168 யூரோ போய்விட்டது, அது திரும்பக் கிடைக்காது. கேட்டால், "இது ஹோட்டல் இல்லை, என் வீடு" என்கிறார். என்ன செய்யலாம்? (பாரிஸ் புறநகர் வாசகி)

பதில்: முதல் வேலை, அந்தச் "சம்மதம்" என்ற பதிலைப் போடாமல் இருப்பது. போட்டுவிட்டால், 200 யூரோவோடு கணக்கு முடிந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அவர் வாதாடுவார்.

நீங்கள் அனுப்பிய உறுதிப்படுத்தல் கடிதத்தின் நகலை மூன்று தடவை வாசித்தேன். "பதிவின்போது 200 யூரோ செலுத்தப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. அது என்ன வகைப் பணம் என்று எங்கும் எழுதவில்லை. உங்களுக்கு அதுதான் அதிர்ஷ்டம்.

பிரெஞ்சுச் சட்டத்தில் முற்பணம் இரண்டு வகை. ஒன்று 'ஆர்'. (எழுத்துக்கூட்டி "அரெஸ்" என்று வாசிப்பவர்கள் உண்டு, கடைசி எழுத்துகளுக்கு ஒலி இல்லை.) மற்றது 'அக்கோந்த்'. முதலாவது ஏறக்குறைய நம் அச்சாரம். கொடுத்தவர் பின்வாங்கினால் அது போச்சு, மீதிப் பணத்தை யாரும் கேட்க முடியாது. வாங்கியவர் பின்வாங்கினால் என்ன என்பதில் நம் ஊர்ப் பேச்சு கொஞ்சம் மழுப்பும். பிரெஞ்சு நுகர்வோர் சட்டத் தொகுப்பின் 214-1ஆம் பிரிவு மழுப்புவதில்லை: வாங்கியதை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், முன்கூட்டிக் கொடுத்த பணம் 'ஆர்' என்றே கொள்ளப்படும் என்பதும் அதே பிரிவுதான். ஆகவே உங்களுக்குச் சேர வேண்டியது 400 யூரோ.

ரயில் டிக்கெட்? இங்கேதான் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். 'ஆர்' கணக்கில் அந்த இரட்டிப்புத் தொகைதான் பின்வாங்குவதற்கான விலை. அதற்கு மேல் டிக்கெட்டையும் சேர்த்துக் கேட்டால் நீதிபதி தலையசைப்பது அரிது. 'அக்கோந்த்' என்று எழுதியிருந்தால் கதையே வேறு. அப்போது இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள், இரட்டிப்பு கிடையாது. 200 யூரோவோடு, டிக்கெட் முதலான நஷ்டத்தை ரசீதுகளுடன் நிரூபித்துக் கேட்க வேண்டியிருக்கும். உங்கள் விஷயத்தில் 200, 168 இரண்டும் சேர்ந்து 368. இரட்டிப்பே லாபம், அதிலேயே நில்லுங்கள்.

அப்புறம் அந்த "என் வீடு" வாதம். வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டில் விருந்தினரை ஏற்று, படுக்கையும் காலை உணவும் தருவதற்குச் சட்டத்தில் தனிப் பெயரே இருக்கிறது: 'ஷாம்பிர் தோத்'. அதிகபட்சம் ஐந்து அறை, 15 பேர், விருந்தினரை வீட்டுக்காரரே வரவேற்க வேண்டும், நகரசபையில் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். ஓர் இரவுக்கு 320 யூரோ வாங்கி, இதையே தொழிலாக நடத்துபவர் நுகர்வோர் சட்டத்தின் கண்ணில் தொழில்முறையாளர்தான், ஆகவே 214-1ஆம் பிரிவு அவரையும் கட்டும். பரம்பரை மாளிகை, கல் சுவர், வெள்ளித் தட்டில் குரோசோன் என்பதெல்லாம் இதை மாற்றாது. உங்கள் கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'சிரே' எனப்படும் அவருடைய தொழில் பதிவு எண் இருக்கிறது பாருங்கள். "என் வீடு" என்ற பேச்சு அங்கேயே அடிபடுகிறது.

அறுவடைக் காலம் என்பதும் தப்பிக்கும் வழியல்ல. செந்-எமிலியோனில் செப்டெம்பரில் ஜுராத் என்ற ஒயின் சங்கத்தார் சிவப்பு அங்கியுடன் பழைய கோபுரத்தில் ஏறி அறுவடையை அறிவிப்பது ஊரறிந்த விஷயம். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர், அந்த வாரங்களில் அறைக்கு அடிபிடி. அது தெரிந்துதானே உங்களிடம் பணம் வாங்கினார்? கூடுதல் விலைக்கு ஆள் வந்தது யாராலும் தடுக்க முடியாத நிகழ்வு ஆகாது.

எப்படிக் கேட்பது? ஒரு பக்கம் போதும், 'ரெக்கமாந்தே' என்ற பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்ட அத்தாட்சியுடன் அனுப்புங்கள். "நீங்கள் ரத்துச் செய்தீர்கள், 214-1ஆம் பிரிவின்படி 400 யூரோவை 15 நாளுக்குள் அனுப்புங்கள்" என்பதுதான் சாரம். அவருடைய ரத்து மின்னஞ்சலையும் வங்கிச் சீட்டையும் அச்சடித்து இணையுங்கள். கோபத்தை அதில் எழுதவேண்டாம். இடையில் அவரே 200 யூரோவை அனுப்பிவிட்டால், மீதி 200ஐக் கேளுங்கள்.

மசியாவிட்டால், நுகர்வோர் மத்தியஸ்தர் இருக்கிறார். ஒவ்வொரு தொழில்முறையாளரும் ஒருவரை அறிவித்திருக்க வேண்டும், உங்களுக்குச் செலவில்லை. அல்லது நகரசபையில் அமரும் 'கொன்சிலியாத்தர்' என்ற சமரசக்காரரிடம் போங்கள், அதுவும் இலவசம். 5,000 யூரோவுக்கு உட்பட்ட வழக்கில் இப்படி ஒரு முயற்சி செய்யாமல் நீதிமன்றம் போனால், பொதுவாக வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகும் வழக்கு என்று வந்தால் அவர் ஊர்ப் பக்கத்து லிபூர்ன் நீதிமன்றம் வரை அலையத் தேவையில்லை. ஒப்பந்தம் செய்தபோது நீங்கள் குடியிருந்த இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம், வக்கீலும் கட்டாயமில்லை.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். அடுத்த தடவை நீங்களே ரத்துச் செய்ய நேர்ந்தால், "இணையத்தில் வாங்கியதற்கு 14 நாள் அவகாசம் உண்டு" என்று யாராவது சொல்வார்கள். நாள் குறித்துப் பதிந்த தங்குமிடத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. டிக்கெட்டைப் பொறுத்தவரை, பணம் திரும்பாவிட்டாலும் தேதி மாற்ற முடியுமா என்று இன்றைக்கே பாருங்கள்.