மாற்றுக் கேபின், மாறாத டைட்டில்: கேள்வி-பதில்

கே: என் 1970 செவர்லே சி-10 பிக்கப்பின் கேபின் தரையும் பின்மூலைகளும் துருப்பிடித்துப் பொத்துவிட்டன. 1972 கேபின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. உட்காருமா? (டாலஸ் வாசகர்)

ப: உட்காரும். 1967 முதல் 1972 வரை ஒரே தலைமுறை. தகராறு மூக்கில்தான்: 1967, 68 பானெட் வேறு, 69க்குப் பிந்தையது வேறு. 1971இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அது சேஸிஸோடு சேர்ந்த சமாச்சாரம், கேபினோடு வராது. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அதை இறக்கிவிட்டு வெல்டிங்கைத் தொடங்குங்கள். மலிவு என்கிறீர்களே, மூலைகளில் காந்தம் வைத்துப் பார்த்தீர்களா? பெயின்ட் பளபளப்பில் மயங்கி நான் வாங்கிய கேபினில் காந்தம் ஒட்டும் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. அவ்வளவும் பட்டி, அதாவது ஓட்டையை மூடிப் பூசிய பசை.

கே: அதே சேஸிஸில் 1973 கேபினை ஏற்றலாமா? (டென்வர்)

ப: வெல்டிங் கடைக்காரரின் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஆசை இருந்தால் ஏற்றலாம்.

கே: ஒரு பழைய செவர்லே பிக்கப் பார்த்தேன். "டைட்டில் (உரிமைப் பத்திரம்) 1975, புகைச் சோதனை கிடையாது" என்கிறார் விற்பவர். கேபின் தகட்டில் உள்ள வண்டி அடையாள எண்ணின் ஆறாம் இடத்தில் 7 இருக்கிறது. வாங்கலாமா? (சான் ஹொசே)

ப: இப்போதைக்கு வேண்டாம். கலிபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை, 1976இலிருந்து உண்டு. அதனால்தான் 75 காகிதத்துக்கு அங்கே அத்தனை மவுசு. 1973 முதல் 1979 வரை செவர்லே பிக்கப் எண்ணில் ஆறாவது இடம் மாடல் ஆண்டின் கடைசி இலக்கம். ஆக, உங்கள் கேபின் 1977.

இங்கே கொஞ்சம் கத்திக்கொள்கிறேன். கேபின் மாற்றுவது குற்றமில்லை. துருப்பிடித்த வண்டியைக் காப்பாற்ற அதுதான் வழி. எண் தகட்டைப் பெயர்த்து இன்னொரு கேபினில் ரிவெட் அடிக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கேட்டால் "எல்லாரும் செய்யறதுதான் சார்" என்பார்கள். வண்டியின் அடையாள எண்ணைத் தெரிந்தே அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்க மத்தியச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். எண் கலைந்த வண்டியைப் போலீஸ் பறிமுதல் செய்தால் பணம் போவது வாங்கியவருக்கு; விற்றவர் அதற்குள் போன் நம்பரை மாற்றியிருப்பார். உங்கள் விற்பவர் யோக்கியராகவும் இருக்கலாம். அப்படியானால் சேஸிஸில் அடித்த எண் டைட்டிலோடு ஒத்துப்போகும், கேபின் வாங்கிய ரசீதும் இருக்கும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து நீங்களே படியுங்கள். அவர் வாசித்துச் சொல்வதைக் குறித்துக்கொண்டு வராதீர்கள்.

கே: என் ஃபோர்டு எஃப்-100க்கு "1956 கேபின்" வாங்கினேன். ரசீதிலும் அப்படித்தான் இருக்கிறது. கண்ணாடியும் கதவும் இல்லாமல் வந்தது. என் 56 கதவுகள் பொருந்தவில்லை. 1955 கேபின் என்கிறார் மெக்கானிக். "உள்ளது உள்ளபடி என்று எழுதித்தானே விற்றேன்" என்கிறார் விற்றவர். (ஹூஸ்டன்)

ப: உங்கள்மேல் தப்பே இல்லை. 1953-56 தலைமுறையில் பக்கவாட்டில் வளையும் முன்கண்ணாடி 1956க்கு மட்டுமே. 1953-55 கேபினில் 1956 கதவு நிற்காது. இது விற்றவருக்குத் தெரியாமல் இருக்குமா? "உள்ளது உள்ளபடி" என்பது துருவுக்கும் ஓட்டைக்கும்தான். தெரிந்தே சொன்ன பொய்க்கு அது கவசமாகாது. விளம்பரத்தையும் ரசீதையும் படமெடுத்து வையுங்கள், மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். மசியாவிட்டால் டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். போடுங்கள்.

கே: செவர்லே கேபின் ஒன்று வாங்கிவிட்டேன். எந்த ஆண்டு வண்டி வாங்கினால் பொருந்தும்? (அட்லாண்டா)

ப: தாலி வாங்கிவிட்டுப் பெண் தேடுகிறீர்கள். எந்த ஆண்டுக் கேபின் என்றுகூட எழுதவில்லை. 1967-72 ரகம் என்றால் பின்கண்ணாடியைப் பாருங்கள்: சின்னதாக இருந்தால் அது 1967. பெரியதென்றால் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் இருக்கும் தகட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். தகடே இல்லையா? வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.