பழைய ஹாலிவுட், புதிய டிவி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் மும்பை வாசகர்கள் பலர் பழைய ஹாலிவுட் படங்களை வீட்டில் பார்ப்பது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: புதிதாக 55 அங்குல டிவி வாங்கினோம். ‘காஸாபிளாங்கா’ டிவிடியைப் போட்டால் எல்லார் முகமும் உப்பிப்போய் அகலமாகத் தெரிகிறது. பையன் ஏதோ மாற்றினான், முகம் சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறது. “இவ்வளவு பெரிய டிவி வாங்கிப் பாதியை வீணாக்குவதா?” என்கிறார் என் கணவர். எது சரி?
– வாசகி, செம்பூர்

பதில்: பையன் செய்ததுதான் சரி. பேசும்படம் நிலைபெற்ற 1930-களின் தொடக்கத்திலிருந்து 1953 வரை வந்த ஹாலிவுட் படங்கள் ஏறக்குறைய எல்லாமே 1.37:1 அளவில் எடுக்கப்பட்டவை. உயரம் 1 என்றால் அகலம் 1.37. உங்கள் டிவியின் அகலமோ 1.78 (இதையே 16:9 என்பார்கள்). பட்டை இல்லாமல் திரையை நிரப்ப வேண்டுமானால் இரண்டே வழி: அகலவாக்கில் இழுக்க வேண்டும், அல்லது மேலும் கீழும் வெட்ட வேண்டும். இழுத்தால் முகத்தின் அகலம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வெட்டினால் படத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். போவது பெரும்பாலும் தலையும் தொப்பியும்.

வீணாவது பாதியும் இல்லை. 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 செ.மீ., உயரம் 68 செ.மீ. அதில் ‘காஸாபிளாங்கா’ 94 செ.மீ. அகலத்துக்கு வரும். பக்கத்துக்கு 14 செ.மீ.தான் கறுப்பு. உயரத்தில் ஒரு செ.மீ.கூடக் குறையாது.

இதை இரண்டு இடத்தில் சரிபார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை விட்டுவிடுவதால்தான் பலருக்கு இந்தத் தொல்லை தீருவதில்லை. முதலில் பிளேயர். அதன் செட்டப் மெனுவில் டிவி வடிவம் என்ற இடத்தில் 16:9 இருக்க வேண்டும். அதன் கீழே 4:3 எனப்படும் பழைய வடிவப் படங்களை எப்படிக் காட்டுவது என்று தனியாகக் கேட்டால் ‘ஒரிஜினல்’, ‘நார்மல்’ அல்லது ‘பில்லர்பாக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், ‘ஃபுல்’ வேண்டாம். அடுத்து டிவி. பிக்சர் சைஸ் பகுதியில் 16:9 வைத்து, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்ற வசதி இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் டிவி தானாகவே நான்கு ஓரத்திலும் கொஞ்சம் வெட்டிவிடும்.

சில பழைய டிவிடி பிளேயர்கள் ஹெச்டிஎம்ஐ வழியாக 1080-ல் அனுப்பும்போது எல்லாவற்றையும் இழுத்தே அனுப்பும். மாற்ற மெனுவில் வழியே இருக்காது. அப்படியானால் பிளேயரின் வெளியீட்டை 576 அல்லது 480-க்கு இறக்கிவிட்டு, டிவியில் 4:3 வையுங்கள். சரியாகிவிட்டதா என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேராகத் தெரியும் சுவர்க் கடிகாரம் ஒன்று வரும் காட்சியில் நிறுத்தி, ஸ்கேலால் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. டிவிடி வந்த புதிதில் வெளியான சில அகலத்திரைப் படங்கள் நான்கு பக்கமும் கறுப்புடன், நடுவில் சிறிதாகத் தெரியும். அவை அந்தக் காலத்து 4:3 டிவிக்காகச் செய்தவை. அவற்றுக்கு மட்டும் ‘ஜூம்’ போடலாம், போடத்தான் வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ‘பென்-ஹர்’ படத்தில் மேலும் கீழும் பட்டை வருவதும் சரிதானா? படம் ஒரு ரிப்பன் மாதிரி இருக்கிறது.
– வாசகர், முலுண்ட்

பதில்: சரிதான். 1953-ல் சினிமாஸ்கோப் வந்ததும் திரை அகலமாகிக்கொண்டே போனது. 1959-ன் ‘பென்-ஹர்’ 65 மி.மீ. நெகட்டிவில் 2.76:1 அளவில் எடுக்கப்பட்டது. அதைவிட அகலமான ஹாலிவுட் படம் அபூர்வம். 55 அங்குல டிவியில் அதன் உயரம் 44 செ.மீ.தான். தேர்ப் பந்தயத்தில் ஓரத்துக் குதிரைகளை வெட்டி எறிந்துவிட்டுப் பார்ப்பதற்கு, நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வது மேல். ப்ளூ-ரே என்றால் இரண்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் போதும்.

கேள்வி: பழைய படங்கள் எங்கள் டிவியில் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகின்றன. நடிகர்கள் நடப்பதே செயற்கையாக இருக்கிறது. டிவியில் கோளாறா?
– வாசகி, டோம்பிவிலி

பதில்: கோளாறு இல்லை, டிவி செய்யும் வேண்டாத வேலை. படம் நொடிக்கு 24 பிரேம். டிவி அவற்றுக்கு நடுவே தானாகவே புதுப் பிரேம்களைத் தயாரித்துச் செருகுகிறது. எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’ என்று பெயர். அதை அணையுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருக்கும் டிவி என்றால் அதைப் போட்டாலே இது தானாக அணைந்துவிடும், படத்தின் வடிவமும் சரியாகிவிடும். கவனிக்க: பல டிவிகளில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனி செட்டிங். பிளேயர் செருகியிருக்கும் துளைக்குப் போய், படம் ஓடும்போதே மாற்ற வேண்டும்.

கேள்வி: கறுப்பு-வெள்ளை ப்ளூ-ரேயில் பூராவும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் அசைகின்றன. காசு கொடுத்து வாங்கியது டிவிடியைவிட மோசமாக இருக்கிறதே? நாய்ஸ் ரிடக்‌ஷன் போடலாமா?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: போடாதீர்கள். அந்தப் புள்ளிகள் படச்சுருளின் வெள்ளித் துகள்கள் தந்த கிரெய்ன். படமே அதனால் ஆனதுதான். டிவிடியில் அது தெரியாததற்குக் காரணம், அந்த அளவு நுணுக்கம் டிவிடிக்குள் அடங்காது என்பதே. கிரெய்னைத் துடைத்தால் கூடவே தோலின் சுருக்கமும் துணியின் இழையும் போய், முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும். டிஸ்க் தயாரிப்பவர்களே இந்தத் தவறைச் செய்ததுண்டு. ‘பேட்டன்’ படத்தின் 2008 ப்ளூ-ரே இப்படித் துடைக்கப்பட்டு ரசிகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது. 2012-ல் கிரெய்னோடு மறுபடியும் வெளியிட்டார்கள். பழைய டிஸ்க் கடையில் அந்தப் படம் கிடைத்தால் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

கிரெய்னா, பதிவின் குறையா என்று தெரிந்துகொள்ள, வெளிறிய சுவரோ வானமோ உள்ள காட்சியில் திரைக்கு அருகே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறி, ஒழுங்கின்றிச் சீராகப் பரவியிருந்தால் கிரெய்ன். சின்னச் சின்னச் சதுரங்களாகத் திட்டுத் திட்டாக இருந்தாலோ, அசையும் உருவத்தின் ஓரத்தில் மட்டும் கொசு மொய்ப்பதுபோல் இருந்தாலோ, அது டிஸ்க்கில் இடம் போதாமல் அளவுக்கு மீறி அமுக்கியதன் விளைவு.

உங்கள் டிவியில் கிரெய்ன் மிகையாகத் தெரிவதற்கு ‘ஷார்ப்னெஸ்’ கூடுதலாக இருப்பதும் காரணமாகலாம். சப்டைட்டில் எழுத்தைச் சுற்றியோ கறுப்புக் கோட்டின் பக்கத்திலோ வெள்ளை விளிம்பு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது மறையும் வரை குறையுங்கள். எந்த எண் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. சில டிவிகளில் 0-வில் மறையும், சோனியில் வழக்கமாக 50-தான் நடுநிலை. ‘கலர் டெம்பரேச்சர்’ வார்ம் என்ற பக்கம் இருக்கட்டும். கடையில் வைத்திருக்கும் ‘கூல்’ நிலையில் கறுப்பு-வெள்ளைப் படம் நீலம் பாரித்துப்போகும். வார்முக்கு மாற்றிய முதல் நாள் மஞ்சளாகத் தோன்றும். சில நாள் விட்டுவிடுங்கள், கண் பழகிவிடும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து என் தங்கை அனுப்பிய டிஸ்க்குகளில் சில ஓடுகின்றன, சில ‘ரீஜன் எரர்’ காட்டுகின்றன. எதைப் பார்த்து வாங்கச் சொல்வது?
– வாசகர், அந்தேரி

பதில்: டிஸ்க்குகளை உலகின் பகுதிவாரியாக மண்டலம் (ரீஜன்) பிரித்துப் பூட்டியிருப்பார்கள்; பிளேயரின் மண்டலத்தோடு பொருந்தினால்தான் ஓடும். டிவிடிக்கு இந்தியா 5-ஆம் மண்டலம், அமெரிக்கா 1, இங்கிலாந்து 2. ப்ளூ-ரேயில் இந்தியா சி, அமெரிக்கா ஏ, இங்கிலாந்து பி. 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. தங்கையிடம் அட்டையின் பின்பக்கம் உலக உருண்டைப் படத்தின் மேல் உள்ள எண்ணையோ எழுத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். டிவிடியில் 0 அல்லது ‘ஆல்’, ப்ளூ-ரேயில் ஏ, பி, சி மூன்றும் இருந்தால் கவலையில்லை. கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனத்தின் ப்ளூ-ரேக்கள் ஏ மண்டலத்துக்குப் பூட்டியவை. அவர்களுடைய 4கே பெட்டியை வாங்கினாலும் 4கே டிஸ்க்தான் இங்கே ஓடும். துணைப் படங்கள் இருக்கும் ப்ளூ-ரே ஓடாமல் போகலாம். நிறைய இறக்குமதி செய்பவர் என்றால் லேமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்து, எல்லா மண்டலமும் ஓடும் பிளேயரை, அதுவும் கையில் இருக்கும் அமெரிக்க டிஸ்க் ஒன்றைக் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். டிவிடிக்கு மட்டும் பூட்டு நீக்கிய பிளேயரையும் ‘மல்டி ரீஜன்’ என்றே விற்பார்கள். ஆகவே போட்டுப் பார்ப்பது ப்ளூ-ரேயாக இருக்கட்டும்.

கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம். அதன்பின் கடைசியாக வைத்த மண்டலத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

இங்கிலாந்து டிவிடி வாங்குமுன் இன்னொன்று. அவை பால் (PAL) என்ற டிவி முறையில் வருபவை. 24 பிரேம் படத்தை 25-ஆக ஓட்டுவார்கள். 102 நிமிட ‘காஸாபிளாங்கா’ 98 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் பியானோவும் அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து ஒலிக்கும். சங்கீதக் காது உள்ளவர்கள் இசைப் படங்களை பால் டிவிடியில் வாங்காமல் இருப்பது நல்லது. ப்ளூ-ரேயில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: சோர் பஜாரில் ஒரே டிஸ்க்கில் நாலைந்து பழைய படம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், தாராவி

பதில்: படத்தை அறிமுகம் செய்துகொள்ள மட்டும். அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையை 28 ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ (1940) புதுப்பிக்கப்படவில்லை. ‘ஷராட்’ (1963) படத்தில் காப்புரிமை அறிவிப்பே முறையாகப் போடப்படவில்லை. இதனால் அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகி, தேய்ந்த பிரதிகளிலிருந்து எடுத்த டிஸ்க்குகள் ஏராளமாக வந்தன. இந்த இரண்டுக்கும் நல்ல பிரதியிலிருந்து எடுத்த பதிப்பும் உண்டு. ஒரு 4.7 ஜிபி டிஸ்க்கில் நாலு படத்தைத் திணித்தால் என்ன மிஞ்சும் என்று, கிரெய்ன் பற்றிய பதிலில் சொன்ன சதுரத் திட்டுகளைப் பார்த்தாலே தெரியும்.

கேள்வி: மழைக்காலத்தில் டிஸ்க்குகளில் வெள்ளையாகப் படலம் படிகிறது. வீட்டில் பழைய விஹெச்எஸ் கேசட்டுகளும் இருக்கின்றன. எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகி, சயான்

பதில்: படலம் மேலே இருக்கும் வரை பயமில்லை. குழாய்த் தண்ணீரில் தூசியை ஓடவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, விரல் நுனியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் தடவுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். குறுக்காக விழும் கீறலை பிளேயர் ஈடுகட்டிவிடும். தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறலை முடியாது. டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, நிற்கவைத்து உலர்த்துங்கள். தின்னர், பெட்ரோல், பற்பசை மூன்றும் கூடவே கூடாது.

பிறகு டிஸ்க்கைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். ஊசி முனை அளவில் ஒளி கசியும் புள்ளிகளோ, விளிம்பிலிருந்து உள்நோக்கி வளரும் பழுப்புத் திட்டோ மேகம் போன்ற மங்கலோ தெரிந்தால், அது உள்ளே நடக்கும் சிதைவு. டிவிடி என்பது 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டியது; நடுவில் இருக்கும் உலோகப் பூச்சு கெட்டால் கழுவிப் பயனில்லை. 2006 முதல் 2008 வரை தயாரான தங்கள் டிவிடிகள் சிலவற்றில் குறை இருப்பதை வார்னர் நிறுவனமே 2025-ல் ஒப்புக்கொண்டது. உங்களிடம் அந்த ஆண்டுகளின் பெட்டிகள் இருந்தால் மெனுவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், படத்தின் பின்பாதியையும் ஓட்டிப் பாருங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

அலமாரி ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறைகளை விட்டுக் கெட்டிப் பெட்டிக்கு மாற்றி, புத்தகம்போல் நிற்கவையுங்கள். மூடிய டப்பாவில் வைத்து நிறம் மாறும் சிலிகா ஜெல் போடுங்கள். நீலம் ரோஸ் ஆனால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். அந்த ரகத்தைக் கையால் அள்ளாதீர்கள், சமையல் அடுப்பிலும் சூடேற்றாதீர்கள். புதிது வாங்கிப் போடுவதே எளிது.

விஹெச்எஸ் கேசட்டின் ஜன்னல் வழியே டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. எந்தக் காரணத்துக்காகவும் அதை விசிஆரில் போடாதீர்கள். டேப் ஒட்டிக் கிழியும். ஹெட் கெட்டு, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். தனியாகப் பையில் கட்டி, டேப் சுத்தம் செய்து டிஜிட்டலாக்கித் தருபவரிடம் கொடுங்கள். ஆனால் டிஸ்க்கில் கிடைக்கும் ஹாலிவுட் படத்துக்கு இந்தச் செலவு வீண். வீட்டுக் கல்யாண கேசட்டுக்குச் செய்யுங்கள்.

கேள்வி: வசனம் கேட்கவில்லை, இசை மட்டும் காதைப் பிளக்கிறது. என் மாமனாருக்கு வயது 80; சவுண்ட்பார் வைத்தும் பயனில்லை.
– வாசகி, வாஷி

பதில்: டிஸ்க்கின் ஆடியோ மெனுவில் 5.1-ஐ விட்டு ‘மோனோ’ அல்லது 2.0-ஐப் போடுங்கள். 1950-க்கு முந்திய படங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒற்றை ஒலித்தடத்தில் வந்தவை. அதில் வசனம் முன்னால் நிற்கும்படிதான் கலந்திருப்பார்கள். பின்னாளில் செய்த 5.1 கலவையில் புது ஓசைகள் சேர்வதும் உண்டு. ‘வெர்ட்டிகோ’ (1958) படத்தின் 1996 மறுசீரமைப்பில் காலடி ஓசை முதலியவற்றைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். சவுண்ட்பாரில் ‘சர்ரவுண்ட்’ நிலையை அணைத்து, ‘நைட் மோட்’ போடுங்கள். அத்துடன் காது மந்தமானவர்களுக்கான ஆங்கில சப்டைட்டிலும் இருந்தால் மாமனாருக்குச் சுலபம்.

கேள்வி: ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ போட்டால் முதலில் இசை மட்டும் வருகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. டிஸ்க்கை மாற்றித் தரச் சொல்லலாமா?
– வாசகர், காட்கோபர்

பதில்: வேண்டாம். அது தியேட்டரில் ரசிகர்கள் வந்து உட்காரும்போது ஒலிக்கும் முன்னிசை. சுமார் 4 நிமிடம் ஓடும். ‘பென்-ஹர்’ படத்திலும் உண்டு. அதைத் தாண்டி ஓட்டாமல், விளக்கை அணைத்து, ஃபோனை ஓரம் வைக்க அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இடைவேளை அட்டையும் அதற்குப்பின் மறுபடி இசையும் வரும்; காபி போட நேரம் சரியாக இருக்கும்.