தோட்டத்தில் நடந்த கால் போதுமா?

கேள்வி: வயது 66. தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவனாக, வெளிக்காடெல்லாம் நடந்தவன். இப்போது கடைத்தெருவுக்கும் மோட்டார் சைக்கிள்தான். ஸ்பெயினில் யாத்திரைப் பாதையில், சாரியாவிலிருந்து சந்தியாகோ வரை 115 கிலோமீட்டர் நடக்க மகள் கூப்பிடுகிறாள். முட்டி போய்விடும் என்கிறான் மகன். நடந்து பழகிய காலுக்குப் பயிற்சி வேறு வேண்டுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கட்டாயம் வேண்டும், ஐயா. வெளிக்காட்டில் நடந்தது அன்றைய கால். மோட்டார் சைக்கிளுக்குப் பழகிவிட்ட இன்றைய காலுக்கு ஆறு மாதமாவது கொடுங்கள். வயதைக் காட்டி யாரும் தடுக்க வேண்டாம். அமெரிக்காவின் எம்மா கேட்வுட், 11 பிள்ளைகளைப் பெற்றவர், 1955-இல் 67 வயதில் 3,000 கிலோமீட்டருக்கும் நீளமான அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார்.

இந்த வயதில் ஆளை ஏமாற்றுவது மூச்சு. சில வாரங்களிலேயே அது பழகிவிடும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கோ மாதக்கணக்காகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்கள்தான் குதிகால் வலியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். வாரம் நாலு நாள், 3 கிலோமீட்டரில் தொடங்குங்கள். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறையுங்கள். வெயிலேறுமுன் வீடு திரும்பிவிடுங்கள்.

மகன் பயப்படும் முட்டியைப் படுத்துவது ஏற்றத்தைவிட இறக்கம்தான். சாரியாவில் முதல் நாளே சுமார் 22 கிலோமீட்டர். கால் சோர்ந்த கடைசி நேரத்தில் போர்த்தோமரினுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். செம்பனைக்காட்டு மேடுகளில் இறங்கிப் பழகுங்கள். சின்ன அடி, லேசாக மடங்கிய முட்டி, இரண்டு கைக்கும் ஊன்றுகோல். இறக்கத்தில் கோலை ஐந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். முதுகுப்பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அந்தப் பாதையில் ஊருக்கு ஊர் பையைக் கொண்டுசேர்க்க ஆள் உண்டு. கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சப்பாத்தைச் சாயங்காலம், கால் வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் இல்லையென்றால், இறக்கத்தில் இடித்து இடித்தே நகம் கறுத்துவிடும். பருத்திக் காலுறை வேர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளம் போடும். தோல் சுடத் தொடங்கியதுமே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கொப்புளம் காத்திருக்காது.

இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் தினமும் இரவில் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பாருங்கள். மரத்த காலில் புண் தெரியாது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர், வேர்த்துக் களைத்த உடம்போடு கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கிளினிக்கில் இதை முன்கூட்டியே பேசுங்கள். வயதானால் தாகம் தாமதமாகத்தான் தெரியும். தாகத்துக்குக் காத்திராமல் மிடறு மிடறாகக் குடியுங்கள்.

இத்தனை பாடுபடுவதற்கும் பலன் உண்டு. தொடையில் பலம் ஏறும், படுத்ததும் தூக்கம் வரும். எல்லாவற்றையும்விட, நாள் முழுக்க மகளோடு பக்கத்தில் பக்கத்தில் நடப்பீர்கள். முகம் பார்த்துப் பேச முடியாததெல்லாம் நடக்கும்போது தானாக வாயில் வரும். அதற்காகவே போங்கள் என்பேன்.

ஆறாம் மாதம் அடுத்தடுத்து இரண்டு நாள் 15 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் மாடிப்படி வலியின்றி இறங்க முடிந்தால் டிக்கெட் எடுங்கள். முடியாவிட்டால் பயணத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.